மீதி விடாத யுகம்

ஸ்ரீரங்கத்தின் பெயரில் வெளிவரும் வாக்கியப் பஞ்சாங்கத்தைத் திருச்சி வட்டாரத்தில் முகூர்த்தத்துக்கும் ராகு காலத்துக்கும் புரட்டுகிறார்கள். அதன் கணக்குக்கு அடியில் கிடக்கும் யுக எண்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டு. நான்கு யுகமும் சேர்ந்த மகாயுகத்துக்கு 43,20,000. புராண மிகை என்று இவற்றை ஒதுக்குபவர்களும், முன்னோர் ஞானம் என்று மெய்சிலிர்ப்பவர்களும் பார்ப்பது எண்ணின் பருமனைத்தான். காரணிகளாகப் பிரித்தால் மகாயுகத்தில் எட்டு 2, மூன்று 3, நான்கு 5, அவ்வளவுதான். வேறு பகா எண்ணே இல்லை. பஞ்சாங்கம் கணிப்பவரின் கைவேலைக்குத் தோதான எண் இது, பக்திக்காக ஊதிப் பெருக்கியது அல்ல என்பது என் கட்சி.

நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 60 தற்பரை. அறுபதிலும் 2, 3, 5 மட்டுமே உண்டு. ஆரியபட்டர் ஒரு மகாயுகத்துக்கு 1,57,79,17,500 நாள் வைத்தார். இதற்கும் 43,20,000-க்கும் பொது வகுஎண் 7,500. சுருக்கினால் 576 ஆண்டுக்கு 2,10,389 நாள். வாக்கிய மரபின் சூரிய ஆண்டு இதுதான்: 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. அத்தோடு வகுத்தல் முடிந்துவிடுகிறது, மீதி பூஜ்யம். நாளொன்றின் 2,16,000 தற்பரைகளை 576 சரியாக வகுப்பதே காரணம். வானத்தை வெறுமனே பார்த்து எழுதிய எண்ணில் 7,500 போன்ற பொதுக் காரணி தானாக விழுந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. 1825-இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' நூலில் ஜான் வாரன், புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளால் கிரகணம் கணித்ததை விவரிக்கிறார். காகிதமில்லாமல் கணிப்பவருக்கு முடிவில்லாத பின்னம் பெரும் பாரம்.

வகுஎண்கள்தான் வேண்டுமென்றால் இன்னும் நல்ல எண் இருந்ததே என்று கேட்கலாம். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-இல் ஆராய்ந்தது இத்தகைய எண்களைத்தான்: தன்னிலும் சிறிய எல்லா எண்களைவிடவும் அதிக வகுஎண்களைக் கொண்டவை. அவற்றில் ஒன்றான 36,03,600-க்கு 360 வகுஎண்கள். அதைவிடப் பெரிய 43,20,000-க்கோ 180 தான். ஆனால் 36,03,600-க்குள் 7, 11, 13 இருக்கின்றன. ஏழால் வகுத்தால் நாழிகைக் கணக்கு ஒருநாளும் முடியாது. எத்தனை வகுஎண் என்பதைவிட எவை என்பதே இங்கே முக்கியம். பாபிலோனியப் பூசாரி பெரோசஸும் பிரளயத்துக்கு முந்தைய அரசர்களுக்கு இதே 4,32,000 ஆண்டைத்தான் தருகிறார். அவர் ஊரிலும் எண்ணிக்கை அறுபதறுபதாகத்தான்.

வசதிக்காக உண்மையைப் பலியிட்டார்கள் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். வாக்கிய ஆண்டு, விண்மீன்களை வைத்து இன்று அளக்கும் சூரிய ஆண்டைவிடச் சுமார் 3 நிமிடம் 20 விநாடி நீளம் என்பது மெய்தான். ஆனால் சூரிய சித்தாந்தம் சொல்லும் 1,57,79,17,828 நாளைப் பாருங்கள். யுக ஆண்டுகளோடு அதற்குப் பொது வகுஎண் வெறும் 4. தற்பரையையும் தாண்டி இன்னொரு படி இறங்க வேண்டும். அத்தனை சிரமத்துக்குப் பிறகும் அந்த ஆண்டு 6 விநாடிக்கு மேல் கூடுதலாகவே நீள்கிறது. பிழை அளவீட்டில் வந்தது. எண்ணைச் சீராக்கியதற்கு அதில் பெரிய பங்கில்லை.

சந்திரன் மட்டும் இந்த ஏற்பாட்டுக்குப் பிடிகொடுக்கவில்லை. ஆரியபட்டர் கணக்கில் மகாயுகத்துக்கு 5,34,33,336 சந்திர மாதங்கள். ஆண்டுகளோடு பொது வகுஎண் 24 தான். வாக்கியக் கணிதர்கள் சந்திரனின் இருப்பிடத்தை 248 நாளைக்கும் 248 வாக்கியங்களாக உருப்போட்டார்கள். 19 சூரிய ஆண்டும் 235 சந்திர மாதமும் ஏறக்குறைய ஒத்துப்போகும், ஆனால் 19 பகா எண். யுகத்தை அது வகுக்காது. ஸ்ரீரங்கத்தில் 19 ஆண்டுக்கு ஒருமுறை, தைத்தேர்த் திருநாளோடு மோதாமலிருக்க, வைகுண்ட ஏகாதசி கார்த்திகைக்கே முன்தள்ளப்படுகிறது. 2021-இல் அங்கே பரமபத வாசல் திறந்தது டிசம்பர் 14; மற்றப் பெருமாள் கோயில்களில் 2022 ஜனவரி 13.