முகாமுக்குள் தீ: வெளியிலிருந்து வரும் தீயணைப்பாளருக்கு என்ன தெரியும்?

2016 ஜூன் 5, ஞாயிறு மாலை. கொஸ்கம சலாவ இராணுவ முகாமின் வெடிபொருள் களஞ்சியம் தீப்பற்றியது. தீயணைப்பு வண்டிகள் விரைந்தன. ஆனால் வெடிப்புகள் தணியும்வரை அவற்றால் களஞ்சியத்தை நெருங்க முடியவில்லை. சிப்பாய் ஒருவர் உயிரிழந்தார். ஆறு கிலோமீற்றர் சுற்றளவில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கொழும்பு–அவிசாவளை வீதி மூடப்பட்டது.

இலங்கையில் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் வேலை. முகாமில் தீ பெருத்தால் அழைப்பு அவர்களுக்கும் போகும். அமெரிக்கத் தளங்களிலோ சிவில் தீயணைப்பாளர்கள் நிரந்தர ஊழியர்கள். பிரித்தானியா 2019இல் இப்பணியைக் கபிட்டா என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்பது வருபவருக்குத் தெரியவேண்டும். நேட்டோ நாடுகளின் களஞ்சியங்களில் இதற்கென்றே செம்மஞ்சள் குறிப்பலகைகள் உண்டு. எண்கோணத்தில் 1 என்றிருந்தால் மொத்தமும் ஒரேயடியாக வெடிக்கும். பெருக்கல் குறி வடிவில் 2, சிதறல்கள் பறக்கும். தலைகீழ் முக்கோணத்தில் 3, பெருந்தீ. சாய்சதுரத்தில் 4, ஆபத்து குறைவு. எண்கோணப் பலகையுள்ள கட்டடத்தில் தீ வெடிபொருளைத் தொட்டுவிட்டால் அணைக்கப் போகக்கூடாது. தானும் விலகி, சனத்தையும் விலக்குவதுதான் வேலை. குழாயோடு ஓடுவது வீரமல்ல.

தகவல் மட்டும் போதாது, தொடர்பும் வேண்டும். 2020 ஜூலையில் சான் டியாகோ கடற்படைத் தளத்தில் பொன்ஹோம் ரிச்சர்ட் போர்க்கப்பல் எரிந்தபோது, நகரத் தீயணைப்பாளர்கள் இறங்கிய சில நிமிடங்களில் உள்ளே பெரும் வெடிப்பு நடந்தது. கடற்படையினதும் சிவில் பிரிவுகளினதும் வானொலிக் கருவிகள் ஒன்றோடொன்று இணையவில்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது.

எங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. போர் முடிந்து ஒரு மாதம் ஆகுமுன், 2009 ஜூனில், வவுனியாவிலும் இராணுவக் களஞ்சியம் வெடித்தது.

தாழ்வுபாட்டு மக்கள் தரைவழியாகத் தீவை விட்டு வெளியேறுவதானால் மன்னார்ப் பாலத்தைக் கடக்கவேண்டும். அதன் மறுகரையில் இருப்பது தள்ளாடி முகாம். சலாவவில் மூடியதுபோல அந்த வீதியை மூடினால் தீவுக்கு வேறு வீதி கிடையாது. நோயாளரைக் கடல்வழியாக எங்கே இறக்குவது, யாருடைய படகுகளில் ஏற்றுவது, முகாமிலிருந்து முதல் தொலைபேசி அழைப்பு யாருக்கு வரும் என்பதை மன்னார் நகர சபையும் மாவட்டச் செயலகமும் படைத்தரப்பிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கலாம். களஞ்சிய இரகசியம் எதையும் கேட்கவேண்டியதில்லை.