கஞ்சாவும் காப்பகப் பதிவேடும்

போதைப்பழக்கமும் மனநோயும் ஒரே ஆளிடம் இருப்பதைக் கண்டு, முன்னது பின்னதற்குக் காரணம் என்று எழுதிவைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் அரசு ஆவணங்களிலேயே ஊன்றிவிட்டது. மனநோய்க் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளில் நோய்க்கான காரணத்தைக் குறிக்கத் தனிப் பத்தி இருந்தது. அதில் ஆண்டுதோறும் கஞ்சா இடம்பெற்றது. மருத்துவர்களும் அதிகாரிகளும் அந்த எண்களைச் சான்றாகக் காட்டினர்.

1893 மார்ச்சில் மதுவிலக்கு ஆதரவாளரான வில்லியம் கெயின் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கஞ்சாவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். ஜூலையில் இந்திய அரசு ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. மாக்வொர்த் யங் தலைவர். உறுப்பினர்களில் மூவர் இந்தியர். குழு ஏறத்தாழ ஓராண்டில் 1,193 சாட்சிகளிடம் கருத்துக் கேட்டது. பயிரிடுவது, விற்பது, வரி என எல்லாவற்றையும் ஆராய்ந்தது. சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைந்த ஜவ்வாது மலையும் அதன் அறிக்கையில் உண்டு. ஆனால் ஏழு தொகுதி அறிக்கையில் இன்றைய ஆய்வாளருக்கு மிகவும் பயன்படும் பகுதி, காப்பகப் புள்ளிவிவரத்தைக் குழு சோதித்த முறைதான்.

1892ஆம் ஆண்டில் காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேரின் நோய்க்குக் கஞ்சா வகைகளே காரணம் என்று பதிவாகியிருந்தது. குழு அந்தக் கூட்டுத்தொகையோடு நிற்காமல் ஒவ்வொருவரின் கோப்பையும் தனித்தனியே எடுத்தது. உறவினர்களையும் உள்ளூர் அதிகாரிகளையும் விசாரிக்கச் செய்தது. காரணப் பத்தி எப்படி நிரம்பியது என்பது அப்போது வெளிப்பட்டது. தெருவில் அலைந்தவரைப் பிடித்துவரும் போலீஸ்காரர் படிவத்தில் ஏதாவது ஒரு காரணத்தை எழுதியாக வேண்டும். பிடிபட்டவர் கஞ்சா குடிப்பவர் என்று யாராவது சொன்னால் அதுவே காரணமாயிற்று. காப்பக அலுவலர் அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றினார். மாகாண அறிக்கை பதிவேட்டிலிருந்து எடுத்தது, மருத்துவ நூல் மாகாண அறிக்கையிலிருந்து எடுத்தது. ஒரு காவலரின் ஊகம் நான்கு கை மாறியதும் அறிவியல் உண்மையாகிவிட்டது.

சோதனை முடிந்தபோது 222 என்பது 98 ஆகச் சுருங்கியது. மொத்தச் சேர்க்கையில் இது 7.3 விழுக்காடு. அந்த 98 பேரிலும் கஞ்சா மட்டுமே காரணமாக இருக்கக்கூடியவர்கள் 61 பேர். மற்ற 37 பேரிடம் வேறு காரணங்களும் கலந்திருந்தன. மனம் பேதலிக்கத் தொடங்கியவரே கட்டுப்பாடிழந்து அதிகம் புகைக்கவும் கூடும் என்பதையும் குழு கணக்கில் எடுத்துக்கொண்டது. எது முதலில் வந்தது என்ற இந்தக் கேள்விதான், இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருவதைக் கணக்கிடும் ஒட்டுறவு ஆய்வுகளைப் பின்னாளிலும் விடாமல் துரத்தியது.

குழுவின் முறையிலும் ஓட்டை இருந்தது. பார்த்தது ஓராண்டுச் சேர்க்கையை மட்டும். எந்தக் கோப்பை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது உறுப்பினர்களின் மதிப்பீட்டைப் பொறுத்திருந்தது. அதைவிடப் பெரிய குறை, வெளியே புகைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, புகைக்காதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்ற ஒப்பீடு இல்லாதது. காப்பகத்துக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் ஆபத்தின் அளவு தெரியாது.

குழுவுக்காகக் கல்கத்தாவில் மருத்துவர் டி. டி. கன்னிங்ஹாம் ஒரு குரங்கைச் சுமார் எட்டு மாதம் கஞ்சாப் புகையைச் சுவாசிக்கவைத்துப் பின்னர் அதன் மூளையைச் சோதித்தார். கேடு எதுவும் தென்படவில்லை. ஒரே குரங்கு எதையும் தீர்மானிக்காது. மனிதரை ஆண்டுக்கணக்கில் போதைக்குப் பழக்கிப் பார்க்கும் சோதனையை அறம் அனுமதிக்காது. அதனால்தான் குறைகள் தெரிந்தும் போதைப்பழக்க ஆய்வு ஒட்டுறவையே நம்பவேண்டியிருக்கிறது. பெருந்தொகையானவர்களை அவர்களின் இயல்பான வாழ்க்கையில் வைத்தே கவனிக்க முடிவதும் பல ஆண்டுகள் பின்தொடர முடிவதும் அதன் பலம்.

அந்தப் பலம் முழுதாகத் தெரிந்தது ஸ்வீடனில். 1969-70இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் 50,000 இளைஞர்களிடம் போதைப்பழக்கம் பற்றிக் கேட்டிருந்தனர். பழக்கத்தை முதலில் பதிந்து நோயைப் பின்னால் தேடியதால், 1892 பதிவேட்டில் இல்லாத கால வரிசை இங்கே கிடைத்தது; குழுவுக்குக் கிட்டாத ஒப்பீடும் கிடைத்தது. 1987இல் வெளியான முதல் ஆய்வின்படி, 50 தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட 6 மடங்கு. 2002இல் நீண்ட காலத் தரவோடு, பிற காரணிகளைக் கழித்துப் பார்த்தபோது அது 3.1 மடங்காகக் குறைந்தது.

குறைந்தாலும் அது மறைந்துவிடவில்லை. ஒட்டுறவு ஆய்வு தரக்கூடிய வலுவான சான்று இவ்வகையே. ஆனால் இளைஞர்கள் பெயர் தெரியும்படி பதில் சொன்னார்கள். பழக்கத்தை மறைத்தவர்கள் இருந்திருக்கலாம். பரம்பரைக் கூறு போன்ற அளக்கப்படாத மூன்றாவது காரணம் இரண்டையும் ஒருங்கே தூண்டியிருக்கவும் இடமுண்டு. எந்தக் கணக்குத் திருத்தமும், அளந்துவைத்த காரணங்களை மட்டுமே கழிக்கும்.

1894 அறிக்கை, மிதமான பயன்பாட்டால் பெரும்பாலும் தீங்கில்லை, மிகுந்தால் தீங்கு என்று முடிவு செய்து, முழுத் தடைக்குப் பதில் வரியையும் உரிமத்தையும் பரிந்துரைத்தது. அந்த முடிவை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்காது; பதிவேட்டை அது பிரித்துப் பார்த்த முறைக்கு இன்னும் மதிப்புண்டு.