வில்லுத்தகடும் தடைக்காலமும்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றிக் கதைச்சா, மண்ணெண்ணெய்க் கதையைத்தான் எல்லாரும் சொல்லுவினம். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் எல்லாம் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. ஆனா எஞ்சின் மட்டும் ஓடினால் போதுமா? குண்டும் குழியுமான றோட்டில் பின்பாரத்தைத் தாங்கின வில்லுத்தகட்டைப் பற்றி நாங்கள் கதைக்கிறதில்லை.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. முன்பக்கத்துக்கு முறுக்குக் கம்பி என்ற புதுமுறை. பின்பக்கத்துக்கோ குதிரைவண்டிக் காலத்து வில்லுத்தகடு. அந்தப் பழமைதான் இங்க கைகொடுத்தது.

திரும்பப் பூட்டுறது இப்படி: தகடுகளை நீள வரிசையில் அடுக்கி நடுப் போல்ற்றால் இறுக்க வேணும். முன் கண்ணைக் காரின் உடம்பில் நேரடியாகப் பூட்டி, பின் கண்ணை ஆடக்கூடிய ஷக்கிளில் மாட்ட வேணும். பாரம் ஏற வில்லு நிமிர்ந்து நீளும். நடுப் போல்ற்றின் தலை அதற்குரிய துளையில் இருந்தால்தான் அச்சு நேரா நிற்கும். பிறகு யு போல்ற். றப்பர் புஷ் உள்ள கண்களைச் சில்லு நிலத்தில் நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேணும். இல்லாட்டி றப்பர் முறுகிப் பழுதாகும்.

உடைந்த தகட்டை மட்டும் தனிய மாத்தலாம். புதுச் சாமான் வராத ஊரில் இது பெரிய விசயம்.

தடைக்கால வரலாறு என்றால் தடைசெய்த பொருட்களின் பட்டியலோடு நிற்கிறோம். ஒயில் படிஞ்ச கைகளின் அறிவும் வரலாறுதான். அந்த மெக்கானிக்மார் இருக்கேக்கையே கேட்டு எழுதுவம்.