ஞான ஒடுக்கம்: கொங்கு நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களும் இரண்டு நாள் தனிமையும்

ஞான ஒடுக்கம் என்பது கிறிஸ்தவர்கள் அன்றாட வேலைகளை விட்டுச் சில நாட்கள் விலகி, தனி இடத்தில் தங்கி, மௌனத்திலும் செபத்திலும் மறைநூல் வாசிப்பிலும் செலவிடும் பயிற்சி. கத்தோலிக்கப் பங்குகளில் இன்று இதைப் பெரும்பாலும் 'தியானம்' என்கிறார்கள். சீர்திருத்தத் திருச்சபைகளில் 'தியானக் கூட்டம்', 'முகாம்', 'ரிட்ரீட்' என்ற பெயர்கள் வழங்குகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் பெண்களுக்கென்று நடப்பவை பெரும்பாலும் சனி, ஞாயிறு என இரண்டு நாளில் முடிந்துவிடும்.

ஆண்களின் ஒடுக்கத்தில் எதைத் தியானிப்பது என்பதே முதல் கேள்வியாக இருந்தது. பெண்களுக்கு அதற்கு முன்பே வேறு கேள்விகள் இருந்தன. இரவு எங்கே தங்குவது, யார் அனுமதிப்பது, அந்த இரண்டு நாளும் வீட்டில் யார் சமைப்பது என்பவை அவை. பெண்களுக்கான ஒடுக்கத்தின் வரலாறு பெரும்பகுதி இக்கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறே.

சொல்லும் பொருளும்

'ஒடுக்கம்' தமிழில் பழைய சொல். அடங்கியிருத்தல், ஒதுங்கியிருத்தல் என்பவை அதன் பொருள்கள். சைவத்தில் உலகம் தோன்றி ஒடுங்குவதைக் குறிக்கவும், சித்தர்களும் துறவிகளும் அடங்கிய இடத்தைக் குறிக்கவும் இச்சொல் வழங்குகிறது. திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தில் 486ஆம் குறள், ஊக்கமுள்ளவன் ஒடுங்கியிருப்பதைச் சண்டைக் கடா பாய்வதற்காகப் பின்வாங்குவதோடு ஒப்பிடுகிறது. பின்வாங்குதல் இங்கே தோல்வியாகாது, வலிமையைச் சேர்த்துக்கொள்வதாகும்.

கிறிஸ்தவர்கள் 'ஞான' என்ற அடையைச் சேர்த்து இச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர். ஞானஸ்நானம், ஞானத்தந்தை, ஞான வாசகம் என்ற வரிசையில் ஞான ஒடுக்கமும் சேர்ந்தது. வீட்டில் ஒடுங்கிக் கிடப்பதே பெண்ணுக்கு அழகு என்று சொல்லப்பட்ட ஊர்களில், தானாக விரும்பி வீட்டை விட்டு வந்து ஒடுங்குதல் என்ற பொருளில் அதே சொல் பெண்களிடம் வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவில் தொடக்கம்

கிறிஸ்தவத்தில் தனிமைத் தவம் மிகப் பழையது. இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததே அதற்கு முன்மாதிரி. இன்றைய ஒடுக்கத்தின் அமைப்பு லொயோலா இஞ்ஞாசியார் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலிலிருந்து வருகிறது. அந்நூலுக்கு 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். முழுப் பயிற்சி நான்கு வாரங்களாகப் பகுக்கப்பட்டு ஏறத்தாழ 30 நாள் நடக்கும். வேலையை விட்டு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கிச் செய்யும் முறைக்கும் நூல் இடம் தருகிறது.

இப்பயிற்சியை முதலில் பெற்றவர்களில் பெண்களும் இருந்தனர். இஞ்ஞாசியார் குருவாவதற்கு முன், ஸ்பெயினின் அல்காலா நகரில் மாணவராக இருந்தபோது, பெண்கள் பலர் அவரிடம் வந்து ஆன்மிக உரை கேட்டனர். அவர்களில் ஒரு தாயும் மகளும் தொலைவிலுள்ள ஹாயென் நகருக்குக் கால்நடையாகத் திருப்பயணம் போய்விட்டனர். அவர் தூண்டித்தான் போனார்கள் என்ற சந்தேகத்தில் 1527இல் அவர் சிறையிலடைக்கப்பட்டு 42 நாள் இருந்தார். பெண்கள் திரும்பி வந்து, தாங்களாகவே போனதாகச் சொன்ன பிறகே விடுதலையானார். மேலும் படித்து முடிக்கும்வரை சமயப் பொருள் பற்றிப் பேசக்கூடாது என்ற கட்டளையும் சேர்ந்து வந்தது. செபித்ததைவிட, செபத்தின் பெயரால் இரண்டு பெண்கள் வீட்டில் இல்லாமல் போனதே நகரத்தைக் கலங்க வைத்தது.

அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் வான் நகரில் ஆண்களுக்கான ஒடுக்க இல்லம் ஒன்று தொடங்கியது. அதில் பெண்கள் தங்க முடியாது. கத்தரின் தெ பிரான்ஷெவில் என்ற செல்வக் குடும்பத்துப் பெண் 1670களில் தம் சொந்தப் பணத்தில் பெண்களுக்கென்று தனி இல்லம் அமைத்தார். 1826இல் மலையூரான லலுவெஸ்கில் தெரேஸ் கூடெர்க் என்ற இளம் துறவி பெண் யாத்திரிகர்களுக்கான விடுதியின் பொறுப்பில் இருந்தார். அவ்விடுதியே பெண்களின் ஒடுக்க இல்லமாக வளர்ந்தது. அதிலிருந்து செனக்கிள் சபை பிறந்தது. கூடெர்க் 1970இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இரண்டு ஊர்களிலும் பெண்ணுக்கு இரவில் பாதுகாப்பாகப் படுக்க ஓர் இடம் கிடைத்தது. ஒடுக்கம் அதற்குப் பிறகே வளர்ந்தது.

கொங்கு நாட்டில் கன்னியர் மடங்கள்

கொங்கு நாட்டில் கத்தோலிக்க மறைப்பணி 17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனின் இயேசு சபையினரால் தொடங்கியது. கருமத்தம்பட்டி அதன் பழைய மையங்களுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் பொறுப்பேற்றனர். 1850இல் கோவை தனி மறைப்பகுதியானபோது மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் அதன் தலைவரானார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதில் அவர் உறுதியாக இருந்தார். சாதி வழக்கங்களைச் சபை எவ்வளவு ஏற்கலாம் என்ற கேள்வி அவர் மனச்சான்றை வருத்தியது. 1855இல் பதவி விலகிய அவர், மறு ஆண்டு ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார்.

பெண்களைப் பொறுத்தவரை முக்கியமான நிகழ்வு 1853இல் நடந்தது. அவ்வாண்டு குரு ஜோசப் லூயி ரவேல் கோவையில் மரியாளின் காணிக்கைப் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையை நிறுவினார். இச்சபையினர் பிரசன்டேஷன் சகோதரிகள் என அறியப்படுகின்றனர். அதற்கு முன்பு 1844இல் புதுச்சேரி மாமன்றம் பெண் கல்வியை வலியுறுத்தியிருந்தது. அதே ஆண்டில் அங்கே குரு துப்புயி, பெண் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்காக மரியாளின் மாசற்ற இதயப் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கியிருந்தார்.

கன்னியர் மடம் பெண்களின் ஒடுக்கத்துக்குத் தேவையான மூன்றைக் கொண்டுவந்தது. முதலாவது, மதில் சூழ்ந்த வளாகம். பெண்ணை இரவு தங்க அனுப்பத் தயங்கும் குடும்பம், 'சிஸ்டர்மார் இருக்கிறார்கள்' என்றால் இணங்கியது. இரண்டாவது, விடுமுறையில் காலியாகும் பள்ளி விடுதி. மூன்றாவது, ஒடுக்கத்தை நடத்திப் பழகிய கைகள். துறவியர் ஆண்டுதோறும் ஒடுக்கம் செய்யவேண்டும் என்று 1917இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு பொது விதியாக்கியது. எத்தனை மணிக்கு மணி அடிப்பது, மௌனத்தை எப்படிக் காப்பது, எளிய உணவை எப்படி ஏற்பாடு செய்வது என்பதெல்லாம் மடத்துக்குத் தெரிந்திருந்தது.

எல்லாரும் ஒரே கூடத்தில் உண்டு ஒரே கூடத்தில் படுப்பது இன்று சாதாரணம். 19ஆம் நூற்றாண்டில் அப்படி இல்லை. பல தமிழ்க் கோவில்களில் சாதி வாரியாக இடம் பிரிந்திருந்தது. 1850இல் சென்னையில் கூடிய சீர்திருத்த மறைப்பணியாளர் மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாக உடனுண்ணலைக் கேட்டது. பூசை முடிந்ததும் வீடு திரும்பலாம். ஒடுக்கத்தில் இரண்டு நாள் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். ஆகவே அங்கே உணவும் ஒரு சோதனையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்ற விடுமுறை

முப்பது நாள் பயிற்சி எட்டு நாளாகவும், மூன்று நாளாகவும், பின்பு வார இறுதியாகவும் சுருங்கியதற்குத் தொழிற்சாலையும் ஒரு காரணம். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிலாளர்களுக்கான குறுகிய ஒடுக்கங்கள் பரவின. 1929 டிசம்பரில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், ஒடுக்கங்களைப் பற்றித் தனிச் சுற்றுமடல் எழுதி, பொதுநிலையினரும் தொழிலாளரும் அதில் பங்குபெறுவதைப் பாராட்டினார்.

கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைக் கட்டாயமாக்கியது. 1948ஆம் ஆண்டின் சட்டம் அதை ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்தது. ஆலையில் வேலை செய்த பெண்ணுக்கும் பள்ளி ஆசிரியைக்கும் வாரத்தில் ஒரு நாள் சட்டப்படி கிடைத்தது. அடுப்படிக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஆறு நாள் ஆலையில் நின்றவள் ஏழாம் நாளில் துணி துவைத்து, சந்தைக்குப் போய், வாரத்துக்கு வேண்டியதை அரைத்து வைத்தாள். தோட்டத்துச் சாளையில் வாழும் பெண்ணுக்கோ காலையும் மாலையும் பால் கறக்கும் வேலைக்கு விடுமுறையே இல்லை. இரண்டு நாள் வெளியே தங்க வேண்டுமானால் அந்த வேலைகளை மாமியாரோ மகளோ அக்கம்பக்கத்தவரோ ஏற்கவேண்டும். ஆலைகளும் பனியன் கம்பெனிகளும் சேர்ந்தாற்போல் மூடும் ஆயுத பூஜை, பொங்கல் விடுமுறைகளில் கிறிஸ்தவக் கூட்டங்களை வைக்கும் வழக்கம் இந்த நெருக்கடியிலிருந்தே வந்தது.

வார இறுதி ஒடுக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு டப்ளின் நகரம் ஒரு சான்று. தமிழகப் பங்குகளில் நன்கு அறியப்பட்ட மரியாயின் சேனை 1921இல் அங்கே தொடங்கியது. மறு ஆண்டு ஜூலையில் அதன் நிறுவனர் பிராங்க் டஃப், பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்கு ஒரு கன்னியர் மடத்தில் வார இறுதி ஒடுக்கம் ஏற்பாடு செய்தார். முடிந்ததும் அவர்கள் எங்கே திரும்புவார்கள் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாகச் சாங்க்தா மரியா விடுதி திறக்கப்பட்டது. திரும்பிப் போகும் வீட்டைப் பற்றிக் கவலைப்படாத ஒடுக்கம் பாதி வேலைதான் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

சீர்திருத்தத் திருச்சபைகளில்

கோவையில் இலண்டன் மிஷன் பணி 1830இல் டபிள்யூ. பி. அடிஸ் வருகையுடன் தொடங்கியது. வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் மறைநூலும் கற்பித்த வேதாகமப் பெண்கள் இவ்வகை மிஷன்களின் தூண்களாயினர். கூடிப் பாடம் கேட்பதும் சேர்ந்து செபிப்பதும் அவர்களின் பயிற்சியில் அடங்கும்.

1930களில் ஆங்கிலிக்கன் பேராயர் ஹெர்பர்ட் பாக்கனம் வால்ஷ் கோவைக்கு வடமேற்கே தடாகத்தில் கிறிஸ்து சிஷ்ய ஆசிரமத்தை நிறுவினார். எளிய உடை, எளிய உணவு, மௌனம் என்ற ஆசிரம வாழ்க்கை கொங்கு மண்ணில் கிறிஸ்தவ வடிவம் பெற்ற இடம் அது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயராக வந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியவர் அவர். தமிழ்ப் பக்தி மரபின் வழியே தியானத்தைப் புரிந்துகொள்ள முயன்றார்.

இத்திருச்சபையில் பெண்கள் ஐக்கியச் சங்கம் சேகரந்தோறும் இயங்குகிறது. கூட்டங்களுக்கு நாள் குறிப்பது, வேதபாடம் எடுப்பது, காணிக்கைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் பெண்களின் பொறுப்பு. பெங்களூரிலுள்ள திருச்சபைச் சகோதரிகளின் இல்லத்துக்கு 'விஸ்ராந்தி நிலையம்' என்று பெயர். பெண்களுக்கு முதலில் வேண்டியது ஓய்வு என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

இரண்டு நாளின் நடைமுறை

கத்தோலிக்க முறையில் முதல் நாள் காலை பெயர்ப் பதிவுக்குப் பின் மௌனம் தொடங்கும். தியான உரை, தனிச் சிந்தனை, செபமாலை, சிலுவைப்பாதை, நற்கருணை ஆராதனை, ஒப்புரவு என்று நேரம் பகுக்கப்படும். ஞாயிறு திருப்பலியோடு முடியும். சீர்திருத்தச் சபைகளில் வேதபாடம், கீர்த்தனை, உபவாச செபம், சாட்சி ஆகியவை கூடுதல் இடம் பெறும். இரு தரப்பிலும் அடிக்கடி எடுக்கப்படும் பகுதி, லூக்கா நற்செய்தியில் வரும் மார்த்தா, மரியா என்ற சகோதரிகளின் கதை. விருந்தினருக்குச் சமைத்துக் களைத்த மார்த்தாவின் முறையீடு, கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

1967இல் அமெரிக்காவின் டுக்கேன் பல்கலைக்கழக மாணவர்களின் வார இறுதி ஒடுக்கம் ஒன்றிலிருந்து கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் பிறந்தது. அதன் வழியில் வளர்ந்த கேரளத்தின் முரிங்ஙூர் தியான மையத்துக்குக் கோவையிலிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே தமிழிலும் தியானம் நடக்கிறது. இவ்வகைக் கூட்டங்களில் மௌனத்தைவிட உரத்த புகழ்ச்சிக்கும் குணமளிக்கும் செபத்துக்கும் முதலிடம். குடிக்கும் கணவன், கடன், பிள்ளையின் நோய் என்று வீட்டுக்குள் சொல்ல முடியாததை வாய்விட்டுச் சொல்லி அழ இடம் கிடைத்ததால் பெண்கள் இதை நாடினர். உள்ளுக்குள் அமைதியாவதும் உரக்க அழுது தீர்ப்பதும் இன்று கொங்கு நாட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வழிகள்.

பேசுபவர் யார்

பெண்களுக்கு இடம் முதலில் கிடைத்தது. பேச்சுரிமை தாமதமாகவே வந்தது. நீண்ட காலம் பெண்களின் ஒடுக்கத்தில் உரை நிகழ்த்தியவர் ஆண் குரு. ஏற்பாடு செய்தவர்கள் சகோதரிகள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962-65) துறவியரும் பொதுநிலைப் பெண்களும் இறையியல் படித்து ஆன்மிக வழிகாட்டிகளாகத் தொடங்கினர். கூடெர்க் புனிதரான அதே 1970இல் அவிலா தெரேசாவும் சியன்னா கத்தரினும் திருச்சபையின் மறைவல்லுநர்களாக அறிவிக்கப்பட்டனர். அதுவரை அப்பட்டம் எந்தப் பெண்ணுக்கும் வழங்கப்படவில்லை. தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருத்துவத்துக்கு ஏற்றது. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒடுக்கத்தின் உரையைப் பெண் நிகழ்த்தலாம். திருப்பலிக்கும் ஒப்புரவுக்கும் இன்றும் ஆண் குருவே வரவேண்டும்.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் அல்காலாவில் எழுந்த கேள்வி முழுதும் மறையவில்லை. பதிவுப் படிவத்தில் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் வீட்டு வேலையால் வர முடியாமல் போகும் பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால்தான் சில சபைகள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி அறையும் ஆளும் வைக்கின்றன. சில இடங்களில் அந்த இரண்டு நாள் சமையலைச் சபையின் ஆண்கள் ஏற்கிறார்கள். இந்த ஏற்பாடுகள் எந்த அளவுக்குப் பரவுகின்றனவோ அந்த அளவுக்கே ஞான ஒடுக்கம் எல்லாப் பெண்களுக்கும் உரியதாகும்.