அடங்காத ஒரு புரதமும் சென்னை வழக்கும்

பொன்முடிக்குப் போகிற வழியில் உள்ள வித்துரா ஒரு மலையடி ஊர். 2008-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இன்று அங்கேதான் இருக்கிறது. அங்கே உயிரியல் படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்குச் செல்களின் சமிக்ஞைப் புரதங்கள் தவிர்க்க முடியாத பாடம். அவற்றுள் ஒன்றைச் சுற்றி எழுந்த வழக்கு நம்ம சென்னையில் நடந்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

உடம்பிலுள்ள செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 'பெருகு', 'நில்' என்ற கட்டளைகளைச் செல்லுக்குள் கைமாற்றி விடுபவை புரதங்கள். அவற்றில் கைனேஸ் என்னும் வகை, வேறொரு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி அதன் வேலையை மாற்றிவிடும். சேதி போனதும் கைனேஸ் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வினைதான்.

1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்போர்டு இருவரும் ஒருவகை நாட்பட்ட ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருக்கக் கண்டனர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொண்டதே காரணம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். இந்த மாற்றத்தால் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போய், ஓயாமல் 'பெருகு' என்று ஏவுகிற ஒரு கைனேஸ் உண்டாகிறது. வெள்ளணுக்கள் கணக்கின்றிப் பெருகுகின்றன. இமாட்டினிப் என்ற மருந்து அந்தப் புரதத்தின் குழியில் போய் உட்கார்ந்து அதை அடக்குகிறது. 2001 மே மாதம் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. சாவை எதிர்நோக்கியிருந்த பலர் தினம் ஒரு வேளை மாத்திரையோடு வேலைக்குப் போகத் தொடங்கினர்.

இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-இலேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தது. அதன் மருந்துக்கு அந்த வழக்குக் காலத்தில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. இந்தியக் கம்பெனிகளின் சரக்குக்கு அப்போது சுமார் 8,000 முதல் 10,000 வரை ஆனது. தராசு பிடித்துப் பழகிய எனக்கு இந்த இரண்டு எண்களே முழு வழக்கையும் விளக்கிவிட்டன.

தெரிந்த பொருளின் புது வடிவம் கூடுதல் பலன் தந்தாலொழியக் காப்புரிமை இல்லை என்பது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2006-இல் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. அந்தப் பிரிவே செல்லாது என்ற வாதத்தை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

கம்பெனி பலருக்கு இம்மருந்தை இலவசமாகவே கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் சமண மரபில் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று. ஆனாலும் தானம் என்பது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு ஒருவர் தயவை எதிர்பார்த்து நிற்க முடியுமா? கட்டுப்படியாகிற விலைதான் நோயாளியைத் தலைநிமிர்ந்து நடக்க வைக்கும். புரதத்தின் சூட்சுமம் படிக்கிற பிள்ளைகள் இந்த விலைக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.