ஒத்திகையின் உடல்: டெகாவின் நடன வகுப்பும் தோட்டத்துக் காமன் கூத்தும்

எட்கார் டெகா (1834–1917) இம்ப்ரெஷனிஸ்டுகளோடு சேர்ந்து கண்காட்சி வைத்தவர். அந்தப் பெயரை மட்டும் கடைசிவரை விரும்பாதவர். மற்றவர்கள் ஆற்றங்கரையிலும் வயல்வெளியிலும் வெளிச்சத்தைத் தேடியபோது, இவர் பரிஸ் ஓபராவின் பயிற்சிக் கூடங்களுக்குள் நுழைந்தார். பாலே நாட்டியத்தின் நளினத்தை வரைந்தவர் என்றே நாட்காட்டிப் படங்கள் இவரை நமக்கு அறிமுகப்படுத்தியிருக்கின்றன. இந்த அறிமுகம் பிழையானது. டெகா வரைந்தது கூலிக்காகப் பழக்கப்படும் உடலை. ஆனால் அவருடைய பார்வைக்கும் ஓர் எல்லை உண்டு. இலங்கையின் புளத்கொகுபிட்டிய போன்ற தோட்டப் பகுதியிலிருந்து பார்க்கும்போது அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

1870களில் அவர் வரைந்த ‘நடன வகுப்பு’ பரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைத்தடியை ஊன்றி நிற்கும் முதியவர் ஜூல் பெரோ. 1841இல் மேடையேறிய ‘ஜிசெல்’ பாலேயின் ஆட்டங்களை அமைத்த இருவரில் ஒருவர். அத்தனை புகழ்பெற்ற ஆசானை அங்கே பெரும்பாலோர் கவனிப்பதாகவே தெரியவில்லை. வகுப்பு முடியும் வேளை. பியானோவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி முதுகைச் சொறிகிறாள். இன்னும் சிலர் உடையைச் சரிசெய்கிறார்கள், சோம்பல் முறிக்கிறார்கள். பலகைத் தரையில் தூசி எழாமல் நீர் தெளிக்க ஒரு பூவாளி. படத்தின் கருப்பொருளை அந்தப் பூவாளியிலிருந்தே தொடங்கிச் சொல்லலாம்: இது வேலைத்தலம்.

இந்தப் படத்தைத் தேவதாசி அம்மணியின் சிலையோடு ஒப்பிட வேண்டும். கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசியர் குழுவொன்று 1838இல் பரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. குழுவின் ஆடல்மகளான அம்மணியைப் பற்றிக் கவிஞர் தியோஃபில் கோத்தியே உருகி எழுதினார். ஜிசெல்லின் கதையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். சிற்பி பார் அவளை வெண்கலத்தில் வடித்தார். அந்தச் சிலையில் இருப்பது ஆட்டத்தின் முடிந்த நிலை, ஒரே ஓர் அபிநயம். கடல் கடந்து வந்த களைப்பும் இரவுக்கிரவு மேடையேறிய அலுப்பும் அதில் இல்லை. டெகா 1881இல் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறிய நடனமணி’யோ வேறு வகை. மெழுகில் செய்து, துணிப் பாவாடை உடுத்தி நிறுத்திய அந்தச் சிறுமி மரி வான் கூத்தெம், சலவைத் தொழிலாளியின் மகள். நிமிர்த்திய முகமும் பின்னால் கோத்த கைகளுமாக அவள் நிற்பதைக் கண்ட விமர்சகர்கள் சிலர் குரங்கு என்று ஏசினார்கள். அழகை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு உழைப்பின் முகம் பிடிக்கவில்லை.

ஆனால் இதே டெகா 1872–73இல் தாய்வழி உறவினரைக் காண நியூ ஓர்லியன்ஸ் சென்று, மாமனின் பஞ்சு வணிக அலுவலகத்தை வரைந்தார். மாமன் பஞ்சைப் பிய்த்துத் தரம் பார்க்கிறார், டெகாவின் தம்பி பத்திரிகை வாசிக்கிறார். பஞ்சு எடுத்த கை ஒன்றுகூட அந்தச் சட்டத்துக்குள் இல்லை. அதே பத்தாண்டில்தான் தமிழகத்திலிருந்து தொழிலாளர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குத் திரள்திரளாக வந்துகொண்டிருந்தார்கள். ஓபராவின் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கத் தெரிந்தவர், தோட்டப் பயிரின் பின்னால் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் போகும் உரிமையும் சந்தா கட்டிய கனவான்களுக்கே பரிஸில் இருந்தது. எந்தக் கதவு திறக்கிறதோ அந்தக் களைப்பே கண்ணில் படும்.

கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியச் சுற்றில் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் உண்டு. இத்தகைய தோட்டங்களில் ஆடப்படும் மலையகத் தமிழரின் காமன் கூத்து மாசி அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றுவதில் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டித் தகனத்தோடு முடியும். மதன், ரதி, தூதன், வீரபத்திரன், எமன் என வேடங்கள் வரும். ரதியாக மரபில் ஆண்களே ஆடுவார்கள். கூத்தைப் பதிவு செய்யப் போகிறவர் தகன இரவைத்தான் குறிவைக்கிறார். எரியும் காமனும் ரதியின் ஒப்பாரியும் படத்துக்கு எடுப்பாக இருக்கும். சிற்பி பார் வடித்த சிலைக்கும் இந்தப் பதிவுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. தப்புப் பறையைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்ப்பவரும், தொழிலாளர் லயத்து வாசலில் அடவு பழகும் இளைஞரும், மறுநாள் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு நேரத்துக்குப் போயாக வேண்டிய ரதியும் அதற்குள் வருவதில்லை.

ஒரு மறுப்பு எழலாம்: காமன் கூத்து விரதம், நேர்த்தி, கூலிக்கு ஆடும் பரிஸ் பெண்ணோடு அதை எப்படி ஒப்பிடுவது? நியாயமான கேள்விதான். கூத்துக்குத் தோட்டம் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் ஆடும் உடலின் பகல் முழுவதையும் அது முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறது. வெட்டு நடக்கும் இடங்களில், விடியுமுன்னே இறப்பர் பால் வெட்டப் போய் வந்த கால்கள்தான் இரவில் தப்புக்கு அடி வைக்கின்றன. விரதம் இந்தக் கணக்கை அழிப்பதில்லை. அதன் கடுமையைக் கூட்டுகிறது.

மாசி, இறப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவத்தை ஒட்டியும் வருகிறது. பால் குறையும், பல இடங்களில் வெட்டு நிற்கும், வருமானமும் சுருங்கும். கூத்துக்கு நேரம் கிடைப்பதும் கையில் காசு இல்லாமல் போவதும் ஒரே மாதத்தில்தான். எனவே இறப்பர்த் தோட்டத்துக் காமன் கூத்தை ஆராய்பவர் பாடல் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராமல், அந்த மாதத்துச் செக்ரோல் என்னும் வேலைவருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் விரித்துக்கொள்ள வேண்டும்: ஒத்திகை நாட்களில் யாருக்கு முழுநாள் கூலிக்கான பேர் விழுந்தது, யாருக்கு அரைநாளுக்கான அரைப்பேர், யார் வரவில்லை என்பதெல்லாம் கூத்தின் பிரதியைச் சேர்ந்தவையே.