அம்மானையும் முதுமையும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. இளமையிற் கற்றலின் இன்றியமையாமையை வற்புறுத்த எழுந்தது அது. நாளடைவில் அதற்கு வேறொரு பொருளும் வந்து சேர்ந்தது. முதியோர் புதியதொன்றைக் கற்க இயலாது. முயல்வதும் வீண் என்பதே அப்பொருள். இது மெய்தானா? இவ்வினாவிற்கு விடை காண அறிவியல் அறிஞர்க்குத் துணை நின்றவை மூன்று சிறு பந்துகள்.

பல பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து, ஒன்றேனும் தரையில் வீழாமற் பிடிக்கும் ஆட்டம் மிகத் தொன்மையானது. எகிப்து நாட்டில், நைல் ஆற்றங்கரையிலுள்ள பெனி ஹசன் கல்லறைகளுள் ஒன்றில், மகளிர் இவ்வாறு பந்தாடும் ஓவியம் காணப்படுகிறது. அது தீட்டப்பட்டு ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் ஆகின்றன. தமிழகத்திலோ, சங்க காலத்துச் சிறுமியர் கழங்கு ஆடினர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி இடம்பெற்றுள்ளது. மாணிக்கவாசகர் திருவம்மானை பாடினார். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை ஒரு பருவமாகவே அமைந்தது. காய்கள் கையிலிருந்து ஏறி இறங்க, அவற்றின் தாளத்திற்கு இசையப் பாட்டும் எழுந்தது. எனினும் நம் இலக்கியம் காட்டும் அம்மானை இளமகளிர்க்கு உரிய ஆட்டமே.

மேலைநாட்டாரும் இதனை இளமையிற் பழகவேண்டிய கலையாகவே எண்ணினர். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், 1821-இல் வெளிவந்த தம் நூலில், இந்திய வித்தைக்காரரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நான்கு பித்தளைப் பந்துகளை ஒருங்கே ஆடிய அவ்விந்தியரின் திறன் அவரை வியப்பில் ஆழ்த்தியது. பிள்ளைப் பருவந்தொட்டு இடைவிடாது பழகியதன் பயனே அது என்றும், தம்மைப் போன்றோர் வாழ்நாள் முழுவதையும் செலவிடினும் அது கைகூடாது என்றும் அவர் கருதினார்.

அறிவியலும் நெடுங்காலம் இக்கருத்தை ஒட்டியே சென்றது. நரம்பணுக்களை ஆராய்ந்து 1906-இல் நோபெல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ராமோன் இ காஹால், முதிர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை என்று எழுதினார். ஆயினும் இக்கடுந்தீர்ப்பை இயலுமாயின் மாற்றுவது வருங்கால அறிவியலின் பணி என்று வழியும் விட்டுச் சென்றார்.

அவ்வழியே வந்தது 2004-ஆம் ஆண்டில் வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சி. இளைஞர் சிலர் மூன்று பந்துகளை ஒரு நிமிடமேனும் வீழாமல் ஆடுமாறு மூன்று மாதம் பழகினர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்தம் மூளை காந்த அதிர்வுக் கருவியால் படம் பிடிக்கப்பட்டது. அசையும் பொருளைக் கண்டறியும் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் பெருகியிருந்தது! 2009-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர், ஆறு வாரப் பயிற்சியால் மூளைப் பகுதிகளை இணைக்கும் வெண்பொருளும் மாறுதல் அடைவதைக் கண்டனர்.

இவை இளையோர் பற்றியவை. முதியோர் நிலை என்ன? 2008-இல் வெளிவந்த ஆராய்ச்சி அதற்கு விடை தந்தது. சராசரி அகவை 60 உடையவர்கள் அதே ஆட்டத்தைக் கற்றனர். இளைஞரைப்போல் அவர்கள் கைதேரவில்லை என்பது உண்மை. ஆயினும் கற்றவர்தம் மூளையும் அதே பகுதியில் வளர்ந்தது. நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியிலும் பெருக்கம் காணப்பட்டது. ஐம்பதிலும் வளையும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

எளிய ஆட்டத்திற்கு இத்தகைய ஆற்றல் எங்ஙனம் வந்தது? கையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் எறியப்பட்ட பந்து மீண்டு வர ஏறத்தாழ 0.9 வினாடி ஆகும். அதற்குள் அடுத்த பந்தை எறிதல் வேண்டும். கண் கையை நோக்காமல், பந்து திரும்பும் உச்சியை நோக்க வேண்டும். அது எங்கு இறங்கும் என்பதை மனம் முன்கூட்டியே கணிக்க வேண்டும். கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபடுகின்றன. வலக்கைக்கு உள்ள வேலை இடக்கைக்கும் உண்டு. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் மெல்ல இயங்குகின்றன. நின்று ஆடுவோர்க்கு உடலை நிலைநிறுத்தும் பழக்கமும் கிடைக்கிறது. பெருஞ்செலவோ பெரிய திடலோ இதற்கு வேண்டியதில்லை. கட்டிலின் அருகே நின்று பழகினால், தவறிய பந்தைக் குனிந்து எடுக்கும் துன்பமும் குறையும்.

ஆனால் இதனை நோய் தீர்க்கும் மருந்தென எண்ணுதல் கூடாது. தகவற் கோட்பாட்டின் தந்தையான அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் பந்தாட்டத்தில் பெருவிருப்பம் உடையவர்; பந்து காற்றில் நிற்கும் நேரத்தையும் கையில் தங்கும் நேரத்தையும் இணைத்து ஒரு சூத்திரமே வகுத்தார். அவரும் முதுமையில் அல்ஸைமர் என்னும் மறதிநோய்க்கு ஆளாகி 2001-இல் மறைந்தார். மேலும், 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மேற்கூறிய ஆராய்ச்சிகளில் பயிற்சியை நிறுத்திய சில மாதங்களில் மூளையின் பெருக்கமும் குறைந்தது. கிணற்று நீர் இறைக்க இறைக்கத்தானே ஊறும்?

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தில் பாட்டனார் இருக்கலாம், பாட்டியார் இருக்கலாம். “இனி எனக்கு எதற்கு?” என்று அவர்கள் சொல்லும்போது, நாமும் அதனை எளிதில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அவர்கள் கற்கக்கூடியவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். பந்து ஒன்றை அவர்கள் கையிற் கொடுங்கள். அது பழகியபின் இரண்டாவதைக் கொடுங்கள். பந்து தவறி வீழும்போது நகையாமல் எடுத்துக் கொடுங்கள். முதியோர் கற்பதற்கு அவர்தம் மூளை தடையன்று. அவர்களால் இயலாது என்று நாம் கொண்ட எண்ணமே பெருந்தடை.